குறைத்த எடை எங்கே போனது?

இந்தக் கட்டுரையை எழுதுகிறவர்கள் இருவர், அண்ணன் தம்பி. ஒருவன் எழுதி அனுப்ப, மற்றவன் அடித்துத் திருத்தித் திருப்பியனுப்ப, இப்படிப் பலமுறை போய்வந்த பிறகு எந்த வாக்கியம் யாருடையது என்று எங்களுக்கே தெரியாமல் போய்விட்டது. ஆகவே 'நாங்கள்' என்றே சொல்லிச் செல்கிறோம். எங்காவது பிரித்துச் சொல்ல நேர்ந்தால் பெரியவன், சின்னவன் என்று குறிப்பிடுவோம். அம்மா இன்றைக்கும் எங்களை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

இலக்கியம் பேசும் இடத்தில் ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். விளையாட்டைக்கூட அல்ல, அந்த விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கோப்பைப் பற்றி. அந்தக் கோப்பில் நாங்கள் செய்த திருத்தங்களையும், அதன் வெளியே செய்த ஒரு திருத்தத்தையும் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதைச் சொல்ல முதலாவது தேவைப்படுகிறது.

பம்மலில் எங்கள் வீடு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் சத்தத்தில் பாதிப் பேச்சை விழுங்கிவிட்டு மீதியைத் தொடரும் பழக்கம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் உண்டு. அப்பா அந்த விமான நிலையத்தில், பெயர் வேண்டாம், ஒரு விமான நிறுவனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து 2003-இல் ஓய்வு பெற்றார். விமான நிலையத்தில் வேலை என்றால் விமானி என்றோ மெக்கானிக் என்றோ நினைப்பார்கள். அப்பா இரண்டும் இல்லை. அவர் லோடு ஷீட் போடுகிறவர். எத்தனை பயணிகள், எந்த வரிசையில் எத்தனை பேர், முன் அறையில் எவ்வளவு சரக்கு, பின் அறையில் எவ்வளவு, தொட்டியில் எவ்வளவு எரிபொருள் என்று கூட்டி, விமானத்தின் மொத்த எடை என்ன, அந்த எடையின் மையம் இறக்கையைப் பொறுத்து எங்கே விழுகிறது என்று கணக்கிட்டு, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, கேப்டனிடம் கொடுத்து அவரிடமும் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. கார்பன் தாள் வைத்து எழுதிய காலம். ஒரு பிரதி விமானத்தோடு போகும், ஒரு பிரதி தரையில் நிற்கும். "நான் போட்ட கணக்கு தினமும் ஆகாசத்துல போகுது, நான் தரையிலயே நிக்கிறேன்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார்.

2004-இல் வீட்டுக்குக் கணினி வந்தது. பெரியவன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான், சின்னவன் கல்லூரியில். கூடவே வந்த குறுந்தகடுகளில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2004 இருந்தது. ரைட் சகோதரர்கள் பறந்து நூறாண்டு நிறைவதை ஒட்டி 2003-இல் வெளியிடப்பட்ட பதிப்பு அது. செஸ்னாவும் போயிங்கும் இருந்ததோடு, 1903-இல் பறந்த ரைட் விமானம், லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம், டிசி 3 என்று பழைய விமானங்களின் வரிசையொன்றும் அதில் இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து பறக்கக் கற்றோம். கற்றோம் என்பது மிகை. விழக் கற்றோம்.

*

தொடர்ந்து விழுகிறவன் இரண்டில் ஒன்றைச் செய்வான். பயிற்சி எடுப்பான், அல்லது விதியை மாற்றுவான். நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம்.

அந்த விளையாட்டில் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தனிக் கோப்புறை உண்டு. அதற்குள் 'ஏர்கிராஃப்ட் டாட் சிஎஃப்ஜி' என்றொரு கோப்பு. நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்தும் எண்ணுமாக விரியும். பக்கத்திலேயே 'ஏர்' என்ற பின்னொட்டோடு இன்னொரு கோப்பு இருக்கும். அதில் காற்றியல் அட்டவணைகள் இருந்தன. அதை நோட்பேடில் திறந்தால் கட்டமும் கோடுமாகக் குப்பைதான் தெரியும். அதனால் அதை விட்டுவிட்டோம். எங்களுக்குக் கிடைத்த சாவி முதல் கோப்புதான்.

முதன்முதலில் அதைத் திறந்த இரவு எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் பளபளத்துக்கொண்டிருந்த விமானம் அங்கே ஒரு ஜாதகக் கட்டம்போலக் கிடந்தது. வெற்று எடை இத்தனை பவுண்டு. உச்ச எடை இத்தனை. இறக்கையின் பரப்பு இத்தனை சதுர அடி. எஞ்சின், சக்கரங்கள், எரிபொருள் தொட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்புப் புள்ளியிலிருந்து எத்தனை அடி முன்னால், எத்தனை அடி பக்கவாட்டில், எத்தனை அடி மேலே என்று மூன்று மூன்று எண்களாக வரிசை. பயணிகளும் அப்படியே. பெயரோ முகமோ இல்லை. இருக்கையின் இடத்தைச் சொல்லும் மூன்று எண்கள், அவற்றோடு ஓர் எடை.

கோப்பில் இன்னொரு பகுதி இருந்தது. எங்கள் கண்ணில் அதுதான் பொக்கிஷமாகப் பட்டது. இறக்கையின் தூக்குவிசை, காற்றின் இழுவை, வால் துடுப்பின் வலிமை, நிலைத்தன்மை என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 1.0 என்று போட்டிருந்தது. 1.0 என்றால் வடிவமைத்தவர் கணக்குப்படியே. 0.5 என்று மாற்றினால் பாதி. 2.0 என்றால் இரு மடங்கு. ஒரு புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இயற்பியலையே வளைத்துவிடலாம்.

செஸ்னாவின் எரிபொருள் செலவைப் பத்தில் ஒன்றாக்கினோம். நாள்முழுக்கப் பறந்தது. எஞ்சின் திறனைக் கூட்டினோம். இழுவையைப் பாதியாக்கினோம். வேகம் வந்தது, கைதட்டிக்கொண்டோம். ஆனால் இறங்க முடியவில்லை. இழுவை என்பதை அதுவரை எதிரியாகவே நினைத்திருந்தோம். வேகம் கூடக் கூட வளரும் இழுவை ஒன்று, இறக்கை தூக்குவதற்காகவே கொடுக்க வேண்டிய கூலியாக, வேகம் குறையும்போது வளரும் இழுவை இன்னொன்று. இரண்டையும் பாதியாக்கியதும் எங்கள் செஸ்னா ஓடுதளத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போய், மறுமுனையையும் தாண்டிப் புல்வெளியில் போய் நின்றது. எது நம்மைப் பிடித்து இழுக்கிறதோ அதுதான் நம்மை இறக்கியும் விடுகிறது என்பது அன்று நடுநிசியில் எங்களுக்குப் பெரிய தத்துவமாகப் பட்டது.

சுழற்சிக்கு எதிரான தயக்கத்தைக் குறிக்கும் எண்களைக் குறைத்துப் பார்த்தோம். விமானம் ஈபோலத் துடித்தது. கூட்டினோம். எருமைபோல யோசித்துத் திரும்பியது. எடையின் மையத்தைப் பின்னுக்குத் தள்ளினோம். மூக்கு தானாக நிமிர்ந்தது, அதை அமுக்கினால் மிகையாகக் கவிழ்ந்தது, நிமிர்த்தினால் மிகையாக ஏறியது, கடைசியில் வாலில் நின்று விழுந்தது. எண்ணை மாற்றுவது, கோப்பைச் சேமிப்பது, வேறு விமானத்துக்குப் போய்த் திரும்பி இதையே மீண்டும் ஏற்றுவது, பறந்து பார்ப்பது, விழுவது. ஓர் இரவில் இருபது முப்பது முறை.

*

அப்பா பின்னால் ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். முதல் சில வாரங்கள் அவர் அந்தத் திரையைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஒருநாள் நாங்கள் போயிங்கின் வெற்று எடையைக் குறைத்துவிட்டு, பார் எப்படி ஏறுகிறது என்று கத்தியபோது எழுந்து வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கோப்பைப் பார்த்தார்.

"என்னடா பண்ணீங்க?"

"எடையைக் குறைச்சோம்பா. அஞ்சாயிரம் பவுண்டு."

"குறைச்ச எடை எங்க போச்சு?"

எங்களுக்குக் கேள்வி புரியவில்லை. எங்கேயும் போகவில்லை, அழித்தோம் என்றோம். அவர் சிரிக்கவில்லை. "எடைய அழிக்க முடியாதுடா. எறக்கலாம், ஏத்தலாம், முன்ன பின்ன நகத்தலாம். அஞ்சாயிரம் பவுண்டு எறக்கினீங்கன்னா அது எங்கயாவது தரையில கெடக்கணும். எங்க கெடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவருடைய கறுப்பு அட்டை நோட்டு கணினி மேசையில் இருந்தது. அவர் எழுபதுகளில் தொடங்கிக் கடைசிவரை அதிகம் கணக்குப் போட்ட விமானம் போயிங் 737-200. விளையாட்டில் இருந்தது அதற்குப் பின்னால் வந்த, நீண்ட, 737-400. நோட்டில் இருக்கும் எண்களை வைத்துப் பெரியதைச் சிறியதாக்கிவிட்டால் அப்பாவின் விமானத்தை அவருக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எங்களுக்குத் தோன்றியது. அன்றிரவு வெற்று எடையை நோட்டில் கண்டபடி சுமார் 28 ஆயிரம் என்று மாற்றினோம். பயணிகளைப் பிறகு ஏற்றலாம் என்று இருக்கைகளை எல்லாம் பூஜ்யமாக்கினோம். பத்தாயிரம் பவுண்டு எரிபொருள் போட்டோம். அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து எஞ்சினை முழுவிசைக்குத் தள்ளினோம்.

விமானம் ஓடவில்லை, எழுந்துவிட்டது. மூக்கைத் தூக்கியதும் ஏறத்தாழ நட்டக்குத்தலாக, தீபாவளி ராக்கெட்போல மேலே போயிற்று. அப்பா கைகளை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "உங்க கோப்புல எடை எதுல இருக்கு? கிலோவா, பவுண்டா?"

பவுண்டு. நோட்டில் கிலோ. 28 ஆயிரம் கிலோ என்பது 61 ஆயிரத்து 700 பவுண்டுக்கு மேல். நாங்கள் பாதிக்கும் கீழான எடையில் ஒரு போயிங்கைக் கட்டியிருந்தோம். எரிபொருளோடு சேர்த்து 38 ஆயிரம் பவுண்டு. இரண்டு எஞ்சின்களோ ஒவ்வொன்றும் 22 ஆயிரம் பவுண்டுக்குக் குறையாத உந்துவிசை உள்ளவை. எடையைவிட உந்துவிசை அதிகம் என்றால் இறக்கை எதற்கு?

அப்பா அன்று சிரித்த சிரிப்பை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கனடாக் கதையைச் சொன்னார். 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புத்தம்புதிய போயிங் 767. கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்யாததால் கையால் கணக்குப் போட்டார்கள். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்றும்போது கிலோவுக்கான எண்ணுக்குப் பதில் பவுண்டுக்கான 1.77-ஐப் போட்டுவிட்டார்கள். தொட்டியில் இருந்தது 22,300 பவுண்டு, அதாவது தேவையில் பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கேப்டனுக்கு எஞ்சினில்லாத கிளைடர் ஓட்டிய பழக்கம் இருந்ததால், கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்டிருந்த பழைய ராணுவ ஓடுதளத்தில் சறுக்கியபடியே இறக்கிவிட்டார். அன்று அந்த ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

"எண்ணு சரிதாண்டா. எண்ணுக்குப் பின்னாடி வர்ற சொல்லுதான் தப்பு" என்றார் அப்பா.

*

அதன்பிறகு அவர் எங்களோடு சேர்ந்துகொண்டார். மூன்றாவது நாற்காலி வந்தது. ஒரு சட்டமும் வந்தது: எந்த எண்ணை மாற்றினாலும், இரண்டு சாய்கோடு போட்டு, பழைய எண், மாற்றிய தேதி, மாற்றியவன் பெயரின் முதலெழுத்து மூன்றையும் அதே வரியில் எழுதவேண்டும். சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை விளையாட்டு படிக்காது. மனிதர் மட்டும் படிக்கலாம். மூலக் கோப்பின் பிரதி தனியாக இருக்கவேண்டும். அது தரையில் நிற்கும் பிரதி.

ரைட் விமானத்தை அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. அது ஒழுங்காகப் பறக்காததால்தான் பிடித்தது என்று நினைக்கிறோம். மூக்கு ஓயாமல் மேலும் கீழும் அலையும். நாங்கள் எடை மையத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நகர்த்தியதும் அது சாதுவாகிவிட்டது. ஏமாற்றிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து அவர்கள் வரலாற்றைத் தேடிப் படித்தோம். 1904-இல் அவர்களும் அதையேதான் செய்திருக்கிறார்கள், தங்கள் அடுத்த விமானத்தின் முன்பக்கத்தில் 70 பவுண்டு இரும்பைக் கட்டி. நாங்கள் ஓர் இலக்கத்தில் செய்ததற்கு அவர்கள் இரும்பு சுமந்திருக்கிறார்கள். "பாத்தீங்களா, அவங்க எடை எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியும்" என்றார் அப்பா.

அதைவிட அவரை ஈர்த்தது அவர்கள் ஒரு பழைய எண்ணைச் சந்தேகித்த கதை. 1901-இல் கட்டிய கிளைடர், கணக்கு சொன்ன தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கொடுத்தது. ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து அதில் காற்றைச் செலுத்தி, சைக்கிள் கம்பியாலும் இரும்பறுக்கும் ரம்பத் தகடாலும் தராசு செய்து, ஏறத்தாழ இருநூறு சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். காற்றழுத்தக் கணக்கில் ஸ்மீட்டனின் பெயரால் ஒன்றரை நூற்றாண்டாக எல்லோரும் போட்டுக்கொண்டிருந்த 0.005 என்ற எண் பிழை, அது 0.0033 அளவில் இருக்கவேண்டும் என்று தங்கள் சோதனைகளிலிருந்து கண்டுகொண்டார்கள். அவர்களும் எண்ணை மாற்றினார்கள், நாங்களும் மாற்றினோம். காற்று என்ன சொல்கிறது என்று கேட்டு மாற்றினார்கள் அவர்கள். நாங்கள் எங்கள் ஆசையைக் கேட்டோம்.

போயிங்கில் பயணிகளை ஏற்றும்போது அப்பாவிடம் தலைக்கு எவ்வளவு என்று கேட்டோம். பெரியவர்களுக்கு 75 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டதாகச் சொன்னார். பயணிகளை நிறுத்துப் பார்ப்பதில்லை, சராசரிதான். "ஆனா சராசரி மனுஷன் ஒருத்தனும் ஃப்ளைட்டுல ஏறி நான் பாத்ததில்ல" என்றார். ஒருமுறை கபடி அணி ஒன்று மொத்தமாகப் பின்வரிசைகளில் இடம் வாங்கியிருந்தது. தாளில் எல்லாம் சரியாகவே இருந்தது. அப்பா வரிசையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டு, பாதிப்பேரை முன்னால் மாற்றி உட்காரவைத்த பிறகே கையெழுத்துப் போட்டாராம். விமானம் பதினொரு நிமிடம் தாமதம். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தையும் நோட்டில்தான் ஒட்டி வைத்திருந்தார்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவில் சார்லட் நகரில் ஒரு சிறிய பயணி விமானம் கிளம்பிய உடனே விழுந்து 21 பேர் இறந்ததை அவர் அடிக்கடி சொல்வார். வால் துடுப்பின் கம்பியைப் பராமரிப்பில் தவறாக முறுக்கியிருந்தார்கள். அதனால் மூக்கைத் தேவையான அளவு கீழே அமுக்க முடியவில்லை. அதோடு, சராசரி எடையை வைத்துப் போட்ட கணக்குப்படி எல்லாம் வரம்புக்குள் இருந்தது, உண்மையில் விமானம் அதிக எடையோடும் பின்பக்கம் கனத்தும் கிளம்பியிருந்தது. அதற்குப் பிறகு அங்கே பயணிகளின் சராசரி எடையைத் தலைக்குப் பத்துப் பவுண்டு கூட்டினார்கள். மனிதர்கள் பருத்துவிட்டார்கள், எண் மட்டும் பழைய இளமையிலேயே நின்றிருந்தது.

அந்த நாட்களில் அவர் சொன்ன இன்னொன்றையும் இங்கே எழுதவேண்டும். தாளை மூடிய பிறகும் மாற்றம் வரும். கடைசி நிமிடத்தில் ஒரு பயணி வராமல் போவார், ஒரு பெட்டி இறக்கப்படும். தாளின் ஓரத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. எல்எம்சி என்பார்கள், கடைசி நிமிட மாற்றம். அதில் எழுதி, கேப்டனிடம் சொல்லவேண்டும். "எவ்வளவு சின்னதா இருந்தாலும் சொல்லணும். ஏன்னா ஓட்டப்போறது அவரு."

*

2008 தொடக்கத்தில் அப்பாவின் கால்கள் வீங்கின. இருபது ஆண்டுச் சர்க்கரை நோய் முதலில் கண்களையும் பிறகு சிறுநீரகங்களையும் பிடித்திருந்தது. அதற்குள் அவரால் அச்செழுத்தைப் படிக்க முடியாமல் போயிருந்தது. பேப்பரைச் சின்னவன் வாசிப்பான். ரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் நாங்களே வாசித்துக் காட்டினோம்.

மருத்துவர் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு எங்களை மட்டும் உள்ளே அழைத்தார். இது நம் ஊர் வழக்கம். க்ரியாட்டினின் ஏறிக்கொண்டே போகிறது, டயாலிசிஸ் வரத்தான் போகிறது, இடது கையில் நாளத்தையும் தமனியையும் இணைத்து ஃபிஸ்டுலா வைத்துவிடலாம், அது பழுத்துத் தயாராக இரண்டு மாதமாவது ஆகும், எனவே இப்போதே முடிவு செய்யுங்கள் என்றார். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, 1996-இல் டயாலிசிஸ் தொடங்கி மூன்று மாதத்தில் இறந்தவர். அந்தச் சாவுவீட்டிலிருந்து திரும்பும்போது அப்பா ஆட்டோவில் சொன்ன வாக்கியம் எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது: "என்ன ஆனாலும் அந்த மெஷின்ல மட்டும் என்னப் போடாதீங்க."

நாங்கள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து அறிக்கையை வாசித்தபோது க்ரியாட்டினின் 3.4 என்று அச்சாகியிருந்ததைப் பெரியவன் 2.4 என்று வாசித்தான். அடுத்த மாதம் 4.1. சின்னவன் 2.3 என்று வாசித்தான். ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்க ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டோம். ஒன்றில் உள்ளது, மற்றதில் சொன்னது. தேதி போட்டோம், வாசித்தவனின் முதலெழுத்துப் போட்டோம். அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையை அவருக்கெதிராகவே எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தோம் என்பது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டோம். உண்மையில் தூங்கியது நாங்கள்தான்.

நான்கு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரையும் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். கையில் தாள் எதுவும் இல்லை. எல்லா எண்களும் மனதில் இருந்தன.

"நாலு மாசமா சாப்பாடு பாதியாப் போச்சு. ஆனா எடை நாலு கிலோ ஏறியிருக்கு. இந்த நாலு கிலோ எங்கேர்ந்துடா வந்துச்சு?"

தினமும் காலையில் குளித்ததும் அவர் எடை பார்ப்பதையும், எண்ணை அம்மா படித்துச் சொல்வதையும் நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. அம்மாவிடம் பொய் சொல்லச் சொல்ல எங்களுக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

பெரியவன் உடம்பில் நீர் சேர்கிறது என்று தொடங்கினான். அப்பா கையமர்த்தினார். "ரத்தம் கொறஞ்சுக்கிட்டே வருதுன்னு சொல்றீங்க. நீர் ஏறுது. ஆனா க்ரியாட்டினின் மட்டும் அப்படியே நிக்குது. ஷீட்டு பேலன்ஸ் ஆகல. எந்த வரியில மாத்தினீங்க?"

சின்னவன் அந்தத் தாளைக் கொண்டுவந்து இரண்டாவது பத்தியை மறைத்துக்கொண்டு முதல் பத்தியை வாசித்தான். 3.4, 4.1, 4.9, 5.6. ஒவ்வொன்றுக்கும் அப்பா தலையை மட்டும் அசைத்தார். திட்டவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்: "எல்எம்சி-ன்னா கேப்டன்கிட்ட சொல்லணும்டா. ஓட்டறது நான்தானே."

பெரியப்பாவைப் பற்றிச் சொன்னோம். ஆட்டோவில் அவர் சொன்னதைச் சொன்னோம். "அது அண்ணனோட ஷீட்டு. அத வச்சு என்னக் கெளப்புவீங்களா?" என்றார். மறுநாளே மருத்துவரிடம் போனோம். இம்முறை அவர் உள்ளே இருந்தார், நாங்கள் வெளியே.

எங்கள் நான்கு மாதத்துக்கு விலை இருந்தது. ஃபிஸ்டுலா பழுக்கக் காத்திருக்க அவகாசம் இல்லை. கழுத்து நரம்பில் தற்காலிகக் குழாய் போட்டுத் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாயில் தொற்று வந்து குளிர்காய்ச்சலில் பதினொரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். முன்பே சொல்லியிருந்தால் கையில் நாளம் தயாராக இருந்திருக்கும். இதை யாரும் எங்களிடம் சொல்லிக்காட்டவில்லை. நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

டயாலிசிஸ் அவருக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வாரம் இருமுறை, நான்கு மணி நேரம். ஊசி குத்துவதற்கு முன்னால் எடை பார்ப்பார்கள், முடிந்ததும் பார்ப்பார்கள். சேர்ந்த நீர் இல்லாமல் அந்த உடம்பு இருக்கவேண்டிய எடைக்கு 'உலர் எடை' என்று பெயர். வந்த எடைக்கும் உலர் எடைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் இயந்திரம் எடுக்கவேண்டும். "இது நம்ம ஜீரோ ஃப்யூயல் வெயிட்டும்மா" என்று அங்கிருந்த செவிலியப் பெண்ணுக்கு அப்பா பாடம் எடுத்தார். எரிபொருள் நீங்கலாக விமானத்தின் எடை. கறுப்பு அட்டை நோட்டில் புதிய பக்கங்கள் தொடங்கின. அவர் சொல்ல நாங்கள் எழுதினோம்: முன் எடை, பின் எடை, எடுத்தது. முதல்நாள் எழுதிமுடித்ததும் எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"குறைச்ச எடை எங்க போச்சு?"

"இரண்டு கிலோ இருநூறுப்பா. மெஷினோட வடிகால்ல."

"ஹாங். அதான் கணக்கு."

அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்றாண்டுகள் இருந்தார். ஒரு எண்ணையும் நாங்கள் மாற்றி வாசிக்கவில்லை. சில எண்கள் வாசிக்க முடியாதவையாக இருந்தன, வாசித்தோம். 2011-இல் ஒரு விடியற்காலையில் போனார். கடைசி வாரத்தில் டயாலிசிஸ் போதும் என்று நிறுத்தச் சொன்னதும் அவரேதான். முன் எடை, பின் எடை எல்லாம் தெரிந்த மனிதரின் முடிவு என்பதால் எங்களால் அதை ஏற்றுக்கொள்ள முடிந்தது.

*

மைக்ரோசாஃப்ட் அந்த விளையாட்டை 2020-இலும் 2024-இலும் புதிதாகச் செய்து வெளியிட்டது. சின்னவன் வாங்கியிருக்கிறான். பம்மலில் எங்கள் தெருவைக்கூட மேலிருந்து பார்க்க முடிகிறது. கோப்புகள் மாறிவிட்டன. பழைய ஒரே கோப்பை உடைத்து, எஞ்சினுக்கு ஒன்று, பறக்கும் முறைக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். ஆனாலும் திறந்தால் அதே வரிசை: வெற்று எடை, எடை மையம், இருக்கைகள், ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் எடை. எங்களால் இன்றும் அதை விளையாட்டுப் பொருளாகப் படிக்க முடியவில்லை.

பழைய கணினியின் வன்தட்டிலிருந்து அப்பாவின் 737-200 கோப்பை மட்டும் எடுத்து இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம். வெற்று எடை என்ற வரியில் சரியான பவுண்டுக் கணக்கு இருக்கிறது. அதையடுத்து இரண்டு சாய்கோடுகள், பழைய எண், தேதி, பிறகு அவர் சொல்லி நாங்கள் தட்டிய இரண்டு சொற்கள்: 'கிலோ அல்ல.'

சென்ற ஆண்டு பெரியவனுக்கு ஒரு பரிசோதனை முடிவு வந்தது. இருவரும் இப்போது வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம். தொலைபேசியில் அவன் அதைச் சொல்லத் தொடங்கி ஒரு கணம் நிறுத்தினான். அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்று மறுமுனையில் இருந்தவனுக்குத் தெரிந்தது. இப்படிப்பட்ட கணங்கள் எப்படி இருக்கும் என்று நாங்கள் அறிவோம்.

"எண்ணச் சொல்லுண்ணா" என்றான் சின்னவன். "அளவையும் சேர்த்துச் சொல்லு."

பெரியவன் சொன்னான். அச்சில் இருந்தபடியே.